மகள் கையில் இருந்தால் மட்டும் கண்ணில் படும் செல்போன்

கேள்வி:

திருப்பூர் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். மகனுக்கு 19 வயது, பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மகளுக்கு 16, பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள் என்று அவள் அப்பாவேதான் போன் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். என் கணவரின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்து, “நம் வீட்டுப் பெண்ணை ஊரே பார்க்கிறது” என்று சத்தம் போட்டார். அன்றைக்கே போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் கணவர். ஒரு பட்டன் போனைக் கொடுத்தார். அவள் அதைத் தொடவே இல்லை. அப்பாவிடம் பேசுவதில்லை. சாப்பாடும் முன்போல் இல்லை. மகனோ இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை போனில்தான் இருக்கிறான். கேட்டால் மேட்ச், கேம், பாடம் என்கிறான். அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. “இந்தப் பைத்தியம் பெண்களுக்குத்தான் அதிகம், ஆராய்ச்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள்” என்கிறார் கணவர். யூடியூபில் பார்த்தாராம். நானும் ராத்திரி வேலை முடிந்த பிறகு போனில் சீரியலும் சமையலும் பார்ப்பேன். “தாயைப் போலப் பிள்ளை” என்று மாமியார் அதையும் சேர்த்துச் சொல்லிக் காட்டுகிறார்.

உண்மையிலேயே பெண்கள்தான் இதை அதிகமாகப் பார்க்கிறார்களா? என் மகள் போனுக்கு அடிமையாகிவிட்டாளா? கணவரிடம் நான் எப்படிப் பேசுவது?

— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், கடிதத்தின் நடுவே நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ‘சாப்பாடும் முன்போல் இல்லை’ என்கிறீர்கள். 16 வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் என்பது நீண்ட காலம். அவள் தூங்குகிறாளா, பள்ளிக்கு மனதோடு கிளம்புகிறாளா, தோழிகள் யாரோடாவது பேசுகிறாளா என்று இன்றைக்கே கவனியுங்கள். ‘நான் இருந்து என்ன ஆகப் போகிறது’ என்பதுபோல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போகலாம். ‘பிள்ளைக்கு என்ன பைத்தியமா?’ என்று வீட்டில் யாராவது கேட்டால், பசி குறைந்திருக்கிறது, டாக்டரிடம் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

இனி, உங்கள் கணவர் சொன்ன ஆராய்ச்சி. அப்படிப்பட்ட ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன. அவர் இல்லாததைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் என்று ஒன்று, 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப இந்தக் கணக்கை எடுத்து வருகிறது. 2022இல் டிக்டாக் பார்ப்பதாகச் சொன்னவர்கள் பெண்பிள்ளைகளில் 73 சதவீதம், பையன்களில் 60 சதவீதம். இன்ஸ்டாகிராமில் 69, 55. அடுத்த ஆண்டு, ‘ஏறக்குறைய எந்நேரமும் டிக்டாக்கில்தான் இருக்கிறேன்’ என்று ஒப்புக்கொண்டவர்கள் பெண்பிள்ளைகளில் 22 சதவீதம், பையன்களில் 12 சதவீதம். இதை யாரோ ஒருவர் யூடியூபில் ‘பெண்களுக்குத்தான் அதிகம்’ என்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பார்.

அதே மையத்தின் மற்ற எண்களையும் உங்கள் கணவர் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யூடியூபில் பையன்கள் 97, பெண்பிள்ளைகள் 92. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் பையன்கள் 20, பெண்பிள்ளைகள் 8. 2024இல் வெளியான இன்னொரு கணக்கில், வீடியோ கேம் ஆடும் பையன்கள் 97 சதவீதம், பெண்பிள்ளைகள் 73 சதவீதம். இதில் யார் அதிகம் என்று எப்படிச் சொல்வது? எந்தச் செயலியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறிவிடுகிறது. படமும் முகமும் உறவும் முன்னால் நிற்கிற இடங்களில் பெண்கள் அதிகம். விளையாட்டும் நீண்ட வீடியோவும் வாக்குவாதமும் நடக்கிற இடங்களில் ஆண்கள் அதிகம். பெரியவர்களிலும் இப்படித்தான். சமையல், தையல், வீட்டு அலங்காரப் படங்களைச் சேர்த்து வைக்கிற பின்டெரஸ்ட்டை அமெரிக்கப் பெண்களில் பாதிப் பேர் பயன்படுத்துகிறார்கள்; ஆண்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

எதைச் ‘சமூக ஊடகம்’ என்று எண்ணுகிறோம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. உங்கள் மகன் நள்ளிரவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் மூன்று நண்பர்களோடு பேசிக்கொண்டே கேம் ஆடுகிறான். மேட்ச் ஓடும்போது வாட்ஸ்அப் குழுவில் பந்துக்குப் பந்து சண்டை போடுகிறான். அதுவும் போன் வழியாக மனிதர்களோடு பழகுவதுதான். ஆனால் அதற்கு நம் வீடுகளில் ‘கேம்’, ‘மேட்ச்’ என்று வேறு பெயர். மகள் செய்தால் ‘இன்ஸ்டாகிராம்’. பெயர் வேறாக இருப்பதால் அவன் கணக்கில் ஒன்றும் ஏறுவதில்லை, எல்லாம் அவள் கணக்கில் ஏறுகிறது.

மேலே சொன்னதெல்லாம் அமெரிக்க வீடுகளின் கதை. நம் நாட்டில் கணக்கு அப்படியே தலைகீழ்.

2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் ஆண்களில் 57.1 சதவீதம், பெண்களில் 33.3 சதவீதம். படிப்பில் முன்னால் நிற்கும் நம் தமிழ்நாட்டிலேயே ஆண்கள் 70.2, பெண்கள் 46.9. ஃபேஸ்புக் நிறுவனம் தனக்குள் நடத்திய ஆய்வு ஒன்றை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2022இல் வெளியிட்டது. இந்தியாவில் ஃபேஸ்புக் பயன்படுத்துகிறவர்களில் நான்கில் மூன்று பேர் ஆண்கள் என்று அதில் இருந்தது. பெண்கள் ஏன் வரவில்லை என்பதற்கு அந்த நிறுவனமே கண்டறிந்த காரணங்களில் ஆபாசப் பதிவுகள், படத்தை யாராவது எடுத்துத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற பயம், வீட்டில் விடமாட்டார்கள் என்பதெல்லாம் இருந்தன. இந்தியப் பெண்கள் தங்கள் முகத்தைப் போடவே பயப்படுகிறார்கள் என்று தெரிந்துதான், முகப்புப் படத்தை மற்றவர்கள் இறக்கிக்கொள்ள முடியாதபடி பூட்டும் வசதியை 2017இல் முதலில் இந்தியாவில் கொண்டுவந்தார்கள்.

உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு வருகிறேன். கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம் நடத்தும் ஏசர் ஆய்வு, 2023இல் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைச் சந்தித்தது. பத்தில் ஒன்பது வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. போனை இயக்கத் தெரிந்த பிள்ளைகளில், அது தன் சொந்தப் போன் என்று சொன்ன பையன்கள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதம்தான். உங்கள் மகள் அந்த ஐந்தில் ஒருத்தியாக இருந்தாள். அதை வாங்கிக் கொடுத்தவர் அவள் அப்பா. இந்த மனிதரிடம் பேச இடம் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். பின்னால் இதற்கு வருகிறேன்.

அடுத்த ஆண்டின் ஏசர் ஆய்வில் 14–16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டபோது, முந்தைய வாரத்தில் சமூக ஊடகம் பார்த்தவர்கள் பையன்களில் 78.8, பெண்பிள்ளைகளில் 73.4. சொந்தப் போன் அவ்வளவு குறைவாக இருந்தும் இடைவெளி ஐந்து புள்ளிதான். அப்பா போன், அண்ணன் போன், பக்கத்து வீட்டு அக்கா போன் என்று எப்படியாவது அவர்கள் வந்துவிடுகிறார்கள். இரவல் போனில் பார்க்கிற பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்பது என் அனுபவம். யாராவது தொந்தரவு செய்தால் ‘ஏன் பார்த்தாய்’ என்ற கேள்விதான் முதலில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கமாட்டாள்.

இப்போது ‘எத்தனை முறை போனை எடுக்கிறார்கள்’ என்ற கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுச் சண்டையின் முடிச்சு இங்கேதான் விழுந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா தன் இரண்டு பிள்ளைகளோடு என்னைப் பார்க்க வந்தார். மூத்தவள் கல்லூரி மாணவி, இளையவன் பிளஸ் டூ. “இவளைத்தான் பாருங்கள் மேடம், எப்பப் பார்த்தாலும் போன்தான்” என்றார். அக்காவும் தம்பியும் சம்மதித்த பிறகு, இரண்டு போன்களையும் மேசைமேல் வைத்து, அமைப்புகளில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதியைத் திறந்தோம். எந்த மணியில் எவ்வளவு நேரம் என்று கோடு போட்டுக் காட்டும் படம் அது. அக்காவின் படத்தில் காலையிலிருந்து இரவு வரை குட்டிக் குட்டிக் கோடுகள், எல்லா மணியிலும் ஒவ்வொன்று. போனைத் திறந்த எண்ணிக்கை அவளுக்கு மிக அதிகம். தம்பியின் படத்தில் பகலெல்லாம் வெறுமை. இரவு பத்துக்கு மேல் கோடுகள் நெடுக எழும்பி நின்றன, ஒன்றை ஒட்டி ஒன்றாக, விடியற்காலை வரை. மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் தம்பிதான் அதிகம். அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவன் படிக்கிறான்னு நினைச்சேனே” என்றார், மெதுவாக.

அவர் மகள்மேல் பாரபட்சம் காட்டவேண்டும் என்று நினைத்தவர் இல்லை. அவள் கூடத்தில், அடுப்படியில், மாடிப்படியில் என்று எல்லார் கண்ணெதிரிலும் இரண்டு இரண்டு நிமிடமாகப் பார்த்தாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாரும் தூங்கிய பிறகு பார்த்தான். கண்ணில் பட்டதைத்தானே யாரும் எண்ண முடியும்?

நம்மைப் பற்றி நாமே சொல்லும் கணக்கும் சரியாக இருப்பதில்லை. 15 நாடுகளில் மக்கள் சொன்ன நேரத்தையும் உண்மையான பதிவுகளையும் ஒப்பிட்டு ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செலவழித்த நேரத்தை மக்கள் கூட்டிச் சொன்னார்கள். எத்தனை முறை திறந்தோம் என்பதைக் குறைத்துச் சொன்னார்கள். தன்னைப் பற்றிச் சொல்வதே இப்படி என்றால், பெரியப்பா சொல்வதையும் பாட்டி சொல்வதையும் வைத்து ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

பெண்களின் பார்வை ஏன் துண்டு துண்டாக இருக்கிறது? உங்களையே நினைத்துப் பாருங்கள். மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம். பீஸ் ரேட்டுக்கு மெஷினில் குனிந்திருக்கும் நேரம் இதில் சேராது, அது தனி. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் வரை, பாபினில் நூல் தீர்ந்து எழும் இடைவெளியில், கடைசிப் பாத்திரம் கழுவிய பிறகு என்று கிடைக்கிற துண்டு நேரத்தில் ஒரு பெண் போனை எடுக்கிறாள். ஆகவே ‘எத்தனை முறை’ என்று கேட்டால் அவள் எண்ணிக்கை ஏறும். ஓர் ஆணுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அவன் ஒரே தடவை எடுத்து இரண்டு மணி நேரம் பார்க்கிறான். இரவு பதினொன்றுக்கு நீங்கள் ஒரு சமையல் வீடியோ பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் ஒரு நாளில் உங்களுக்கென்று இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அதற்காக யாரிடமும் தலைகுனிய வேண்டாம். தூக்கம் கெடுகிறதா என்பதை மட்டும் உங்கள் உடம்புக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மாலை ஐந்து மணிக்கு உங்கள் மகன் எங்கே இருப்பான்? டீக்கடை, கிரிக்கெட் மைதானம், நண்பன் வீட்டு மொட்டை மாடி, பைக்கில் ஒரு சுற்று. மகள்? பள்ளி விட்டால் வீடு, டியூஷன் இருந்தால் டியூஷன், திரும்பவும் வீடு. அவள் வயதுப் பெண்கள் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிச் சிரிக்க நம் ஊர்களில் எந்த இடம் இருக்கிறது? முன்பு குழாயடி இருந்தது, திண்ணை இருந்தது, பருத்தி எடுக்கப் போன காட்டு வரப்பு இருந்தது. அந்த இடங்களை எடுத்துவிட்டோம். மிச்சம் இருந்தது போன்தான். அவளுடைய திண்ணையைத்தான் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அவளுடைய வருத்தம் போன் போனது மட்டும் இல்லை. தோழிகள் ஏழெட்டுப் பேர் தினம் பேசுகிற குழுவிலிருந்து ஒரே நாளில் காணாமல் போய்விட்டாள். மறுநாள் பள்ளியில் அவர்கள் சிரிக்கிற எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. பட்டன் போனை ஏன் தொடவில்லை என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

போன் வழியாகப் பழகுவதில் பெண்பிள்ளைகள்மேல் ஒரு சுமையும் விழுகிறது, அதையும் சொல்லவேண்டும். தோழி படம் போட்டால் உடனே ஏதாவது எழுதவேண்டும், பிறந்த நாளென்றால் ஸ்டேட்டஸ் வைக்கவேண்டும், பதில் தாமதமானால் ‘ஏன், கோபமா?’ என்று கேள்வி வரும். உறவைப் பேணும் பொறுப்பைப் பெண்ணிடமே விட்டு வளர்க்கிறோம்; அது போனுக்குள்ளும் கூடவே போகிறது. அதனால்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறாள். இதில் அவளுக்கே சலிப்பு இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அடிமையாகிவிட்டாளா என்றால், நீங்கள் எழுதியதை வைத்து நான் அப்படிச் சொல்லமாட்டேன். போன் கையில் இருந்த காலத்தில் படிப்பு சரிந்ததா, தூக்கம் போனதா, நேரில் ஆட்களைப் பார்ப்பதைத் தவிர்த்தாளா, பார்த்ததை மறைத்துப் பொய் சொன்னாளா, நிறுத்த நினைத்தும் அவளால் முடியாமல் போனதா என்பவைதான் நாங்கள் கேட்கிற கேள்விகள். இவற்றில் ஒன்றையும் நீங்கள் மகளைப் பற்றி எழுதவில்லை. இரவு இரண்டு மணி, கேட்டால் மழுப்பல் என்று மகனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பிரிட்டனில் பல ஆயிரம் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. சமூக ஊடகம் அதிகமாகப் பார்த்தவர்களுக்கு ஓராண்டு கழித்து வாழ்க்கைமேல் திருப்தி குறைவது எந்த வயதில் என்று அதில் தேடினார்கள். பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதில், பையன்களுக்கு 14, 15 வயதில் அந்தத் தொடர்பு தெரிந்தது. பிறகு இருவருக்கும் சேர்த்து 19 வயதில் திரும்ப ஒரு முறை தெரிந்தது. அது வேறு நாடு, சராசரிக் கணக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் 19 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு உங்கள் மகன் நினைவுதான் வந்தது. யாரும் அவனைத் திட்டுவதில்லை என்றால் யாரும் அவனைக் கவனிப்பதில்லை என்றும் பொருள். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் கடன்பட்டு இளைஞர்களும் குடும்பத் தலைவர்களும் உயிரை விட்டதைப் பார்த்த பிறகுதான் தமிழ்நாடு அரசு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. உங்கள் மகன் அதில் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி என்ன ஆடுகிறாய், யாரோடு ஆடுகிறாய், காசு ஏதாவது கட்டுகிறாயா என்று அப்பா அவனிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசட்டும், அதட்டாமல் பேசட்டும்.

கணவரிடம் எப்படிப் பேசுவது? அண்ணன் முன்னால் வேண்டாம், மாமியார் முன்னால் வேண்டாம், பிள்ளைகள் முன்னாலும் வேண்டாம். வண்டி ஓட்டிக் களைத்து வந்த இரவிலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டீயோடு ஆரம்பியுங்கள். ‘நீங்கள் செய்தது தப்பு’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘நீங்கள்தானே அவளுக்குப் போன் வாங்கிக் கொடுத்தீர்கள், அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாள்’ என்று ஆரம்பியுங்கள். மகளை நம்பி வாங்கிக் கொடுத்த மனிதர், அண்ணன் வந்து சத்தம் போட்டதும் தன் கௌரவம் போய்விட்டதாக நினைத்துவிட்டார். அவருடைய பயத்தைக் கேளுங்கள். படத்தை எடுத்து யாராவது ஏதாவது செய்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் பயந்தால், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பூட்டுப் போடவேண்டிய இடம் பீரோ இல்லை, செயலிக்கு உள்ளேதான் அந்தப் பூட்டு இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தனிப்பட்ட கணக்காக மாற்றினால் அவள் அனுமதித்தவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான ‘டீன் கணக்கு’ 2025 முதல் இந்தியாவிலும் வந்துவிட்டது. அதில் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை அறிவிப்புகள் வராது. ஆனால் பிறந்த தேதியை அவள் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். பல பிள்ளைகள் வயதைக் கூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏசர் ஆய்விலும் இந்தப் பாதுகாப்பு அமைப்புகளைத் தெரிந்துவைத்திருந்த பெண்பிள்ளைகள், பையன்களைவிட மிகவும் குறைவு. அண்ணனே உட்கார்ந்து தங்கைக்கு அதைச் செய்து கொடுக்கட்டும். அவனுக்குப் பொறியியல் தெரியும் என்பதற்காகச் சொல்லவில்லை, அவளுக்கு ஏதாவது தொந்தரவு வந்தால் முதலில் அண்ணனிடம் சொல்லலாம் என்ற வழி திறக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் 1930 எண்ணிலும் புகார் கொடுக்கலாம். 1098 குழந்தைகள் உதவி எண். இந்த எண்களை உங்கள் கணவரின் போனிலும் பதிந்து வையுங்கள். அவர் பயத்துக்கு அது பெரிய மருந்து.

பிறகு ஒரு வாரம், வீட்டில் உள்ள எல்லாப் போன்களின் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். மகளுடையது, மகனுடையது, உங்களுடையது, கணவருடையது. எத்தனை மணி நேரம், எத்தனை முறை திறந்தது, இரவு பத்து மணிக்கு மேல் எவ்வளவு என்று மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாருடைய செய்தியையும் படிக்க வேண்டாம். நேரம் மட்டும் போதும். லோடு ஏற்றக் காத்திருக்கும் இடத்தில் உங்கள் கணவர் எவ்வளவு பார்க்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. கணக்கு வந்த பிறகு விதி ஒன்று போடுங்கள், அது நான்கு பேருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். இரவு பத்தரை மணிக்கு எல்லாப் போனும் கூடத்துச் சார்ஜரில் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும். மகன்தான் அதிகம் முரண்டு பிடிப்பான். அவனுக்கு ஒரு சலுகை, அவளுக்கு ஒரு சட்டம் என்று அந்த இடத்தில் நீங்கள் இறங்கிவிடாதீர்கள். மகள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பாள்.

போனை அவள் அப்பாவே எடுத்து அவள் கையில் கொடுக்கவேண்டும். நீங்கள் கொடுத்தால் அம்மா ரகசியமாகக் கொடுத்ததாக ஆகிவிடும். அவர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ‘அன்றைக்குக் கோபத்தில் எடுத்துவிட்டேன்’ என்ற ஒரு வரி போதும், அவள் அன்றிரவு சாப்பிடுவாள். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கேட்டால், ‘கணக்கைப் பூட்டியாயிற்று, வேண்டியவர்கள்தான் பார்க்க முடியும்’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்த வீடியோவைப் பெரியப்பா பார்த்தார், ஊர் பார்த்தது, அப்பா கோபப்பட்டார், பாட்டி பேசினார் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதில் அவள் என்ன செய்தாள் என்று எழுதவில்லை. பாடினாளா, ஆடினாளா, கோலம் போட்டாளா, எதையாவது சொல்லிக் கொடுத்தாளா? நீங்கள் அதைப் பார்த்தீர்களா? போன் அவள் கைக்கு வந்ததும், தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுவதும் பாருங்கள். பிறகு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.